பாட்டிலைக் கழுவிய கை

"நாயை அவிழ்த்து விட்டுடுவேன்" என்றார் கிணறு சோதனைக்காரர். எங்களுக்கு அவர் சொன்ன வணக்கம் அதுதான்.

நான் நாயைப் பார்த்தேன். பட்டறை மூலையில் ஒரு பழைய பம்ப் மோட்டார்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்து விடுவதென்றால் முதலில் அதை எழுப்பியாக வேண்டும். அதற்கே அரை நாள் பிடிக்கும் போலிருந்தது. மேடம் நாயையும் பார்க்கவில்லை, மனிதரையும் பார்க்கவில்லை. ஸ்டூல்மேல் கிடந்த பைப் துண்டுகளை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

துப்பறிவதுதான் மேடத்தின் தொழில். ஊரில் அவருக்கு முள்ளு என்று பெயர். காலில் ஏறிவிட்டால் எடுக்கிறவரை ஒரு எட்டு நடக்க விடமாட்டார் என்பதால் யாரோ கடுப்பில் வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. நான் அவருடைய உதவியாளன். என்னை லொடலொடா என்று கூப்பிடுவார். கோபமில்லாத நாளில் தம்பி என்பாராம். அப்படி ஒரு நாள் இதுவரை வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எங்களை இந்தப் பட்டறைக்கு அனுப்பியவள் ஒரு தாய். அவளுடைய எட்டு மாதப் பெண் குழந்தை இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரியில் கிடந்தது. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியின் குழந்தை நல அதிகாரி வீட்டுக் கிணற்றைச் சோதிக்கச் சொன்னார். இந்த நாய்க்காரர்தான் போனார். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. தண்ணீரில் குற்றம் இல்லையென்றால் அம்மாவின் கையில்தான் குற்றம் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். குழந்தை தாயோடு போவதா, அவள் புருஷனின் அக்காவிடம் போவதா என்பதை அதிகாரி இன்று மாலைக்குள் முடிவு செய்யப்போகிறார்.

காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் அழவில்லை. மேஜைமேல் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்தாள். நகங்களைச் சதை தெரியுமளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தாள். "இந்தக் கையில என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றாள். அந்தக் கைகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மேடம் உடனே தண்ணீரைப் பரிசோதித்த லேபுக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் அந்தத் தண்ணீரைப் புகழ்ந்து தள்ளிவிட்டாள். கிருமி என்று பேருக்குக்கூட ஒன்று இல்லையாம். குளோரின்கூட அளவாக இருந்ததாம். மேடம் போனை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். அந்தத் தெருவில் பொதுக் குழாயே கிடையாது, கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றில் குளோரின் தானாக ஊறுவதில்லை.

இதைத்தான் மேடம் இப்போது சோதனைக்காரரிடம் கேட்டார். அவருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் தன் சோதனையை ஒரு பயல் குறை சொன்னதில்லை என்றார். வீட்டுக்காரர்கள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருப்பார்கள் என்றார். கொட்டியிருந்தால் மூடியைத் திறந்தவுடன் உங்கள் மூக்குக்குத் தெரியாதா என்று மேடம் கேட்டார். தெரியாமல் என்ன, தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்று தன் மூக்கின் பெருமையை விட்டுக்கொடுக்காமல் சொல்லி, அவரே மாட்டிக்கொண்டார்.

"சரி, கொட்டினாங்கன்னே வெச்சுக்கங்க. அப்பவும் குளோரின் லேபுக்குப் போய்ச் சேராது" என்றார், விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் பாட்டில். "அடியில வெள்ளையா இருக்குல்ல? அது குளோரினைக் கொல்ற பவுடர். வழியில குளோரின் கிருமியைத் தின்னுட்டா லேபுக்கு உண்மை தெரியாமப் போயிடும். அதனால கம்பெனியிலேயே போட்டுத்தான் அனுப்புவாங்க."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்புத் தூசி ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. பக்கத்தில் குழாய் இருந்தது. கை தன்பாட்டுக்கு அதைத் திருகப் போனது. மனிதர் பாய்ந்து வந்து பிடுங்கினார். என் பாட்டிலைக் கழுவுகிறவன் என் பட்டறையில் நிற்கக்கூடாது என்று போட்ட சத்தத்தில் நாய் ஒரு கண்ணைத் திறந்தது. விஷயம் பாட்டில்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது.

மேடம் சிரிக்கவில்லை. "அப்ப லேபுக்குப் போன பாட்டில்ல அந்தப் பவுடர் இல்ல. தண்ணி உள்ள போறதுக்கு முன்னாடியே யாரோ அதைக் கழுவி ஊத்திட்டாங்க. நீங்க கழுவ மாட்டீங்க. அப்படின்னா அந்தத் தண்ணியைப் புடிச்சது நீங்க இல்ல."

சோதனைக்காரர் ஒரு ஸ்பானரை எடுத்தார். அதைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு மெதுவாக உண்மையைக் கக்கினார்.

சோதனைக்குப் போன அன்று சாயங்காலம் அந்த வீட்டு அக்காக்காரி இவரை வாசலிலேயே மறித்துவிட்டாளாம். செருப்பைக் கழற்று, காலைக் கழுவு, உன் பெட்டியையும் கழுவு என்றாளாம். தண்ணீர் பிடிக்கும் முன், கிருமி சாவதற்காகக் குழாயின் வாயை நெருப்பில் காட்டுவது இவர்கள் வழக்கம். என் குழாயைக் கரியாக்கவா வந்தாய் என்று விளக்குமாற்றை எடுத்திருக்கிறாள். இவருக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. பாட்டிலை அவள் கையில் திணித்து, காலையில் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நீயே பிடித்து வை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள் பாட்டில் நிரம்பி கேட்டில் தொங்கியது. தானே பிடித்ததாகச் சொல்லி லேபில் கொடுத்துவிட்டார். கிணற்று மூடியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க ரோஷத்துக்கு அந்தப் பொண்ணு குழந்தையைக் குடுக்கணுமா?" என்று மேடம் கேட்டார்.

லைசென்ஸ் போய்விடும் என்று முனகினார். போகட்டும், புது பாட்டில் ரெண்டு எடுத்துக்கொண்டு காரில் ஏறுங்கள் என்றார் மேடம். அங்கே வெள்ளைப் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

காரில் நான் கேஸை முடித்துவிட்டேன். அந்தத் தாய் காலையில் சொன்னது அத்தனையும் பொருந்தியது. அக்காக்காரி பால் பாக்கெட்டைக் கழுவுவாள், சில்லறைக் காசைக் கழுவுவாள், விளக்குமாற்றைக்கூடக் கழுவிக் காயவைப்பாள். அப்படிப்பட்டவள் கையில் அடியில் வெள்ளை படிந்த பாட்டில் கிடைத்தால் விடுவாளா? அவளுக்குப் பிள்ளை கிடையாது. தம்பி குழந்தைமேல் கண். வீடு அவள் பெயரில். வேறென்ன வேண்டும்? அவளுக்கு விலங்கு போட்டால் அதையும் கழுவித்தான் மாட்டிக்கொள்வாள் என்று சொல்லிப் பார்த்தேன். பின்சீட்டில் சோதனைக்காரர் மட்டும் மூக்கால் சிரித்தார். மேடம் "இருக்கலாம்" என்றார். அவர் இருக்கலாம் என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். தெரிந்தும் நான் பிடித்த முயலை விடவில்லை.

வீட்டு கேட் ஈரமாக இருந்தது. இப்போதுதான் கழுவியிருக்கிறாள். சோதனைக்காரரைப் பார்த்ததும் அக்காக்காரியின் முகம் இஞ்சி தின்றது போல ஆனது. துப்பறிகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து குடும்ப மானத்தைக் கப்பலேற்றுகிறாளா என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பக்கெட் தண்ணீரை எங்கள் காலடியில் சளாரென்று ஊற்றினாள். என் பேன்ட் நனைந்ததில் அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

அந்த வீட்டில் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவன் அவள் தம்பி ஒருவன்தான். குழந்தையின் அப்பன். ஓடிவந்து நாற்காலி போட்டான், எனக்குத் துண்டு கொடுத்தான், அக்கா பேசுவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். நீலச் சட்டை போட்டிருந்தான். அதில் அங்கங்கே சாயம் போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். இவனுக்குத் துவைத்துக் கொடுப்பது யார் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். பாவம், ஏற்கெனவே நொந்துபோனவன் என்று விட்டுவிட்டேன். மேடம் அவனுடைய வேலை என்னவென்று விசாரித்தார். ஒரு கிளப்பில் மெயின்டனன்ஸ் என்றான்.

அந்தத் தாய் உள்ளறையில் குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மாலைக்குள் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பு, குழந்தை இங்கே வரும்போது நீ இருக்கக்கூடாது என்று அக்காக்காரி காலையிலேயே சொல்லிவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் எதுவும் முடிவாகவில்லை, இங்கே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் கணவனிடம். "நான் தண்ணியைக் காய்ச்சாம என்னைக்காவது பால் கலக்கினதைப் பாத்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். அக்கா முன்னால் அவனுக்கு வாய் வராது போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவனுக்குப் பதில் அக்காக்காரி பேசினாள். அழுக்குப் பிடித்தவள் கையில் குழந்தையைக் கொடுத்தது தப்பு என்றாள். கிணறே சுத்தம் என்று லேபே சொல்லிவிட்டது, இனி என்ன பேச்சு என்றாள். அந்தப் பெண் ஒரு சின்ன கவுனை எடுத்து மடித்தாள்.

மேடம் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டின் பின்னால், சமையலறை ஜன்னலுக்கு நேரே கிணறு. இரும்பு மூடி போட்டுப் பக்கத்தில் மோட்டார் வைத்திருந்தார்கள். சோதனைக்காரர் அன்று செய்யாததை இன்று செய்தார். மூடியை நகர்த்தி, குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் பழைய திமிர் இல்லை. சுவரில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகக் கசிவு இறங்கியிருப்பதாக மேடத்தின் காதில் சொன்னார். அந்தப் பக்கத்தில் தரைமேல் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறை ஒன்று பெயின்ட் வாசனையோடு நின்றது. நான் ஒரு தொட்டியை நகர்த்தப் போனேன். "சார், வெயிட்டா இருக்கும், விடுங்க" என்று கணவன் வந்து என் கையைப் பிடித்தான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன்.

கழிப்பறைக் குழி எங்கே என்று மேடம் கேட்டார். வாசல் பக்கம் என்றாள் அக்காக்காரி. கிணற்றுப் பக்கம் மண்வெட்டியே படக்கூடாது என்று சொல்லித்தான் தம்பிக்குக் கட்ட அனுமதி கொடுத்தாளாம். அவள் குளிர்காலம் முழுக்கத் தங்கையின் வீட்டில் இருந்தபோது அவனே ஆள் வைத்து முடித்துவிட்டானாம். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

அடுத்தது பாட்டில் விவகாரம். பாட்டிலை வாங்கிய அன்று ராத்திரி வீட்டில் இருந்தது அக்காவும் தம்பியும்தான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்தாள். அக்காக்காரி பாட்டிலைச் சமையலறை ஜன்னலில் வைத்தாளாம். விடியற்காலையில் பார்த்தால் நிரம்பியிருந்ததாம். தம்பி பிடித்திருப்பான் என்று கேட்டில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாளாம். கணவன் தலையைச் சொறிந்துகொண்டு, அக்காதான் பிடித்திருக்க வேண்டும், தான் அதைத் தொடவேயில்லை என்றான். "நான் எங்கடா தொட்டேன்?" என்று அவள் சீறினாள். நான் மேடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பொய் சொல்கிறவர்கள்தான் முதலில் சீறுவார்கள் என்பது என் அனுபவம்.

மேடம் சண்டையில் தலையிடவில்லை. யார் பிடித்தால் என்ன, மறுபடியும் ஒரு தடவை பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சாதாரணமாகச் சொன்னார். சோதனைக்காரர் இரண்டு புது பாட்டில்களை எடுத்தார். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. சமையலறைக் குழாயில் அக்கா, பின்பக்கக் குழாயில் தம்பி. "வீட்ல எப்பவும் எப்படிப் புடிப்பீங்களோ அப்படியே புடிச்சுக் குடுங்க, போதும்" என்றார் மேடம்.

நான் அக்காக்காரியின் பின்னால் சமையலறைக்கு ஓடினேன். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்த வெள்ளையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இந்தக் கண்றாவியையா ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றாள். சோப்பைப் போட்டாள், பிரஷ்ஷை விட்டாள், நுரை வழியத் தேய்த்தாள். சுடுதண்ணீர் ஊற்றி அலசி, ஒரு துணியை விரித்து அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். காய்ந்த பிறகுதான் தண்ணீர் பிடிப்பேன், அதுவரை நில்லுங்கள் என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"மேடம், கழுவியாச்சு. கையும் களவுமா" என்றேன்.

மேடம் பாட்டிலை வாங்கிச் சோதனைக்காரரிடம் நீட்டினார். அவர் மோந்து பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். வாய்வரை நுரைத்தது. எலுமிச்சை சோப்பு வாசனை எனக்கே அடித்தது. இப்படி ஒரு பாட்டில் வந்திருந்தால் லேபில் திறந்தவுடன் குப்பையில் போட்டிருப்பார்கள், பரிசோதனைக்கே எடுக்கமாட்டார்கள் என்றார். நான் பிடித்திருந்த முயல் அந்த இடத்திலேயே ஓடிவிட்டது.

மேடம் அப்போது என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் நின்ற கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்து ஓடவிட்டிருந்த சத்தத்தில் நாங்கள் கத்தியது அவன் காதில் விழவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு வேலையில் இருந்தான். அப்போதுதான் பாட்டிலைத் திறந்தான். கால்வாசி தண்ணீர் பிடித்தான், மூடினான், குலுக்கினான், தோளுக்குமேல் வீசி ஊற்றினான். மறுபடியும் கால்வாசி, மூடி, குலுக்கி, ஊற்றினான். இன்னொரு தடவையும் அதேபோல. பிறகுதான் வாய்வரை நிரப்பி, மூடியைத் திருகி, சட்டையில் துடைத்தான். ஒரு தடவைகூடப் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருந்தது என்றே அவனுக்குத் தெரியாது. திரும்பி, சிரித்த முகத்தோடு மேடத்திடம் நீட்டினான்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

எதை என்றான். இப்படி அலசுவதை என்றார் மேடம். எப்போதும் இப்படித்தானே என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உங்க அக்கா கழுவினது அழுக்குப் போறதுக்கு. நீங்க கழுவினது அளக்கறதுக்கு. எந்தத் தண்ணியை அளக்கணுமோ அதையே ஊத்தி மூணு தடவை அலசறீங்க. வீட்ல யாரும் அப்படிச் செய்யறதில்ல."

"நீச்சல் குளத்துக்காரன்" என்றார் சோதனைக்காரர். அவர் குரலில் அருவருப்பு இருந்தது. "குளத்துத் தண்ணியில மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கறவங்க இப்படித்தான் அலசுவாங்க. முந்தின தண்ணி ஒட்டியிருந்தா அளவு மாறிடும்னு. குப்பியைக் கையில வாங்கினா அலசாம அவங்களால புடிக்க முடியாது."

நான் அவன் சட்டையைப் பார்த்தேன். சாயம் போன அந்தத் திட்டுகள் துவைத்ததில் வந்தவை இல்லை, குளோரின் தெறித்து வந்தவை. கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டுச் சலவையைக் குறை சொன்ன என் புத்தியை நானே செருப்பால் அடிக்க வேண்டும். செருப்பு வாசலில் நனைந்து கிடந்தது.

மேடம் அவனுக்கு வெள்ளைப் பவுடரைப் பற்றி விளக்கினார். அன்று ராத்திரி பாட்டிலைக் கிளப்புக்குக் கொண்டுபோய் அங்கே குளோரின் கலந்து வரும் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்திருக்கிறான். அலசாமல் அப்படியே பிடித்திருந்தால் பவுடர் குளோரினைத் தின்றிருக்கும். வெறும் சுத்தமான தண்ணீர் என்று முடிவு வந்திருக்கும். அவனை ஒரு ஜென்மத்துக்கும் யாரும் பிடித்திருக்க முடியாது.

அவன் மறுக்க முயன்றான். சோதனைக்காரர் அதற்குள் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிய ஆரம்பித்திருந்தார். ஒரு தொட்டி உடைந்தது. அடியில் புது சிமென்ட், நடுவில் வட்ட மூடி. கழிப்பறைக் குழி. கிணற்றுச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற இடம்கூட இல்லை.

அக்காக்காரி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"வாசப்பக்கம்தானே தோண்டச் சொன்னேன்" என்றாள்.

"பாறை வந்துச்சுக்கா. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான் காரணம். இதைக் கேட்க நான் எத்தனை பெரிய சதியை எல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். அக்கா திட்டுவாள் என்று ஒரு வளர்ந்த ஆண், பெண்டாட்டியைப் பலி கொடுத்திருக்கிறான். திட்டினால் என்ன, தலையா போய்விடும்? காலையிலிருந்து அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த என் கைக்கு ஆள் கிடைத்துவிட்டான். மேடம் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

பின்கட்டுக் கதவருகே அந்தத் தாய் நின்றிருந்தாள். தோளில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. பாலுக்குத்தான் காய்ச்சினேனே, பிறகு எப்படி என்று மேடத்திடம் கேட்டாள். அந்த நேரத்திலும் தன் கையில் குற்றம் இருக்குமோ என்றுதான் அவளுக்கு யோசனை ஓடியது.

"பாலுக்குக் காய்ச்சினீங்கம்மா. குளிக்கிற தண்ணியை யாரும் கொதிக்கவெச்சு ஆறவைக்க மாட்டாங்க. தொட்டியில உக்கார்ந்த குழந்தை ஈரக் கையை வாயில வெக்காம இருக்குமா?" என்றார் மேடம். இவ்வளவு மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு நல அதிகாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கணவனின் கையில் கொடுத்தார். நீங்களே சொல்லுங்கள் என்றார். அவன் வாங்கவில்லை. அக்காக்காரி வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கப்புறம் வாங்கினான். குழி எங்கே என்று சொன்னான், பாட்டிலில் பிடித்தது எந்தத் தண்ணீர் என்று சொன்னான்.

"அம்மா தண்ணியைக் காய்ச்சறதில்லைன்னு எங்கிட்ட வந்து சொன்னதும் நீங்கதான். அது?" என்று அதிகாரி கேட்டார்.

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அது பொய்ங்க" என்றான் போனில்.

குழந்தையைத் தாயோடு அனுப்புவதாக அதிகாரி சொன்னார். ஆனால் அந்த வீட்டுக்கு இல்லை, அந்தக் கிணறு இருக்கிறவரைக்கும் இல்லை. மற்றதைப் போலீஸ் வந்து கேட்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். சோதனைக்காரர் பெட்டியைத் திறந்து இன்னொரு புது பாட்டிலை எடுத்து, பின்பக்கக் குழாயை நெருப்பில் காட்டி, முறைப்படி தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். குழாய் கரியானது. இந்தத் தடவை விளக்குமாறு வரவில்லை.

அக்காக்காரி அந்தப் பெண்ணின் தோளிலிருந்த பையை வாங்கப் போனாள். நீ ஏம்மா போற, போக வேண்டியவன் அவன் என்றாள். அந்தப் பெண் பையை விடவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவளின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு கீழே இறங்கியது.

கணவன் கேட்வரை பின்னாலேயே வந்தான். முதல் தடவை குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே சந்தேகம் வந்து கிணற்றுத் தண்ணீரைத் தானே சோதித்துப் பார்த்ததாகவும், மழை நின்றால் சரியாகிவிடும் என்று நினைத்ததாகவும், எப்படியாவது குழியை மாற்றிவிடத்தான் இருந்ததாகவும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் அத்தனையும் சொன்னான். அவள் கார் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"மொத தடவை ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு அந்தத் தண்ணியிலதானே அவளைக் குளிப்பாட்டினேன்" என்றாள். "பக்கத்துல துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீதானே."

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பின்சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். மேடம் வண்டியைக் கிளப்பினார். நான் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வேகமாப் போங்க மேடம்" என்றாள் அவள். "அவ முழிக்கிற நேரம்."